புதுப் பெட்டித் தோட்டா

நான் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் "முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்" என்றார்கள். விக்டர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றுதான் சொன்னேன். "ஏங்க, புதுப் பெட்டியில இருக்கறது இனிமே உங்க ரைஃபிளுக்கு மட்டும்தான் சேரும். வேற யாருக்கும் எடுத்துக் கொடுத்துடாதீங்க." பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அந்த "ம்"முக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். காதில் விழுந்தது என்று அர்த்தம். மனசில் விழுந்தது என்று அர்த்தமில்லை.

விக்டர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன். நான் கான்வென்ட் ஸ்கூலில் தையல் டீச்சர், பெயர் அக்னஸ். வீடு காட்டூரில். ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பும்போது தன் ரைஃபிளை விக்டருக்கு விற்றார். கூடவே, சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புகிற கைப்பிரஸ் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸ் எல்லாம் முறைப்படி வாங்கியாயிற்று. வெளிநாட்டுத் தோட்டா கடைக்கு வருவது நின்றுபோன பிறகு அந்தப் பிரஸ்தான் எங்களுக்குக் கடை. மருந்து அளப்பது விக்டர் வேலை, பித்தளை ஓட்டைத் தயார் பண்ணுவது என் வேலை. அவர் எஞ்சின் கழற்றி மாட்டுகிறவர். எதையும் இன்னும் ஒரு திருகு திருகினால்தான் அவர் கைக்குத் திருப்தி. அந்தக் கையில் ஓட்டைக் கொடுத்தால் அது நசுங்கித்தான் வரும்.

பிரஸ்ஸுக்கு டை என்று இரும்பு அச்சு இரண்டு. ஒரு தடவை சுட்டால் ஓடு அந்தத் துப்பாக்கிக்குள் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி உப்பிவிடும். முதல் டை அதை உடம்பு முழுக்கப் பிடித்து அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். அப்படி அமுக்கியது அதே அளவு ரைஃபிள் எதிலும் சேரும். ஆனால் உப்பி, அமுங்கி, மறுபடி உப்பி, பித்தளை நாலைந்து தடவையில் வெடித்துவிடும். இரண்டாவது டை கழுத்தை மட்டும் இறுக்கும். குண்டு ஆடாமல் நிற்க அது போதும், ஓடும் ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் உப்பின உடம்பு உப்பினபடியே இருப்பதால், எந்த ரைஃபிளில் சுட்டதோ அதற்கு மட்டும்தான் சேரும். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை அடுத்தவளுக்குச் சேருமா?

ஓடுகள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்ததும் நான் கழுத்து டைக்கு மாறினேன். அதைப் பிரஸ்ஸில் நிறுத்துவது லேசில்லை. கொஞ்சம் கீழே இறங்கினால் கழுத்துக்கு அடியில் இருக்கிற தோளை நசுக்கும், மேலே நின்றால் குண்டு பொலபொலவென்று உள்ளே விழும். கோவிலில் மிஞ்சின மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஓட்டின் கழுத்தில் கரி பிடிக்க வைத்து, டைக்குள் விட்டு எடுத்துப் பார்ப்பேன். கரி எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டை தொட்டிருக்கிறது. கால் திருகு மேலே, அரைக்கால் கீழே என்று ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. சரியாக நின்றதும் டை நகராமல் பூட்டு வளையத்தை இறுக்கினேன். விக்டர் சுட்ட ஓடுகளில் அன்றைக்கு நிரப்பினதுதான் புதுப் பெட்டி. முதல் டையில் செய்தது எட்டு மட்டும் பிஸ்கட் தகரத்தில் மிச்சம் இருந்தது.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும். எங்களிடம் தோட்டா வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான், ஸ்ரீரங்கத்து வக்கீல் வேங்கடவரதன். பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் போய் வந்தவர். அவருடையதும் அதே அளவு ரைஃபிள். அவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுட்ட ஓடு என் கைக்குத் திரும்ப வந்தாக வேண்டும். ஒரு தடவை ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். நான் காபி கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் நான்.

அது மே மாதம், மாதா வணக்க மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கோவிலுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை காலையில் விக்டர் சைக்கிளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து நீ இல்லாதப்ப வக்கீல் வந்தாரு. பச்சமலை அடிவாரத்துல, நம்ம மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் அழகிரி இருக்காருல்ல, அவரு கடலைக்காட்டுல அடிபட்ட சிறுத்தை ஒண்ணு. எவனோ நாட்டுத் துப்பாக்கியால சுட்டுக் காலை உடைச்சு விட்டுட்டானாம். காவலுக்கு இருந்த மருதையைத் தோள்பட்டையில கிழிச்சுருச்சாம். இன்னைக்கு வக்கீல் போறாரு. ஆறு தோட்டா கொடுத்தேன்."

"தகரத்துலேருந்துதானே?"

"சேச்சே. ஒருத்தருக்குக் கொடுக்கறதுன்னா புதுசா கொடுக்க வேணாமா? பளபளன்னு இருக்கேன்னு சந்தோஷப்பட்டாரு."

பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. நான் என்ன சொன்னேனோ, எனக்கே கேட்கவில்லை. சங்கு ஓய்ந்தபோது சைக்கிள் தெரு முனை தாண்டிவிட்டது.

உள்ளே ஓடி அலமாரியைத் திறந்தேன். புதுப் பெட்டியில் ஆறு குழி காலி. தகரத்தில் எட்டும் அப்படியே கிடந்தன. அடுப்பில் தோசை தீய்கிற வாசனை வந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

காலொடிந்த சிறுத்தை ஓடாது. புதரில் படுத்திருக்கும், ஆள் கிட்டே வந்ததும் பாயும். வக்கீல் துப்பாக்கியைத் தூக்கி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைத் தள்ளுவார். என் தோட்டா பாதியில் நிற்கும். போல்ட் மூடாது. இதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒர்க்‌ஷாப் கேட்டுக்குப் போய் விக்டரைக் கூப்பிடச் சொன்னால், பாஸ் கேட்டு, ஆள் அனுப்பி, அவர் வந்து சேர்வதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். டிபன் கேரியரின் அடித்தட்டில் துணி விரித்து எட்டுத் தோட்டாவையும் அடுக்கினேன். மேல் தட்டில் தீய்ந்த தோசையை வைத்து மூடினேன். லைசென்ஸ் அவர் பெயரில். போலீஸ்காரன் யாராவது திறந்து பார்த்தால் எனக்குத் தோசை சுடத் தெரியாது என்று தெரிந்துகொள்ளட்டும்.

சத்திரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொன்று. கேரியரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர், "என்னம்மா, ஆஸ்பத்திரிக்கு சாப்பாடா?" என்றான். வாயைக் கழுவு என்று மனசுக்குள் திட்டினேன். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலில் யாரோ மாடு குளிப்பாட்டக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாதாவே, அவர் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

உத்திர வீதியில் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கோமளவல்லி மாமி மடிப் புடவையில் ஈரத் தலையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நிலைப்படிக்கு உள்ளே ஒரு அடி தள்ளி நின்றாள். மடி என்றால் அப்படித்தான், நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"வாங்கோ டீச்சர். அவர் ஆத்துல இல்லையே. விடியக்காலைல கோவில்ல விஸ்வரூபம் சேவிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிட்டார். மண்ணச்சநல்லூர் மில்லுக்குப் போய், அங்கேர்ந்து ஜீப்புல போறா."

இவளிடம் எதைச் சொல்வது? உங்கள் புருஷன் கையில் மூடாத தோட்டாவைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்றா? சொல்லாமல் ஓடிவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டை, கழுத்து, ரவிக்கை உதாரணம், எல்லாம்.

மாமி அழவில்லை. "செத்த இருங்கோ" என்று உள்ளே போனாள். ஒரு கைக்குட்டை மூட்டையைக் கொண்டுவந்து எனக்கு எதிரே தரையில் வைத்தாள். பிரித்தேன். ஆறும் பளபளவென்று கிடந்தன.

"நேத்தி ஆத்துக்கு வந்ததும் கொல்லைப் பக்கம் திரும்பி உக்காந்துண்டு ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்தார். பட்டாளத்துப் பழக்கம். எத்தனை தோட்டாவா இருந்தாலும் போட்டுப் பார்க்காம எடுத்துண்டு போகமாட்டார். ஒண்ணுகூட மூடலை."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாதாவுக்கும் நன்றி சொன்னேன், பட்டாளத்துக்கும் சொன்னேன். பாதியில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"அப்ப எதை எடுத்துக்கிட்டுப் போனாரு மாமி?"

"அவர்கிட்ட கடைல வாங்கின பழசு ரெண்டு இருந்தது."

"ரெண்டா?"

"நானும் அதையேதான் கேட்டேன். விக்டர்கிட்ட போய் வேற வாங்கிண்டு வரப்படாதோன்னேன். பாவம், ஆசையா புதுசா எடுத்துக் கொடுத்தார், மூடலைன்னு திருப்பிக் கொடுத்தா மனசு கஷ்டப்படும், ரெண்டு போறும்னுட்டார்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. ஒருத்தர் மரியாதைக்காகப் புதுசைக் கொடுக்கிறார். இன்னொருத்தர் மரியாதைக்காக அதைத் திருப்பாமல் இருக்கிறார். அந்தச் சிறுத்தைக்கு இந்த மரியாதை எல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? படித்தவர்கள், இரண்டு பேரும்.

"என்கிட்ட சேர்ற தோட்டா எட்டு இருக்கு. ஆனா ஜீப் போயிருக்குமே."

மாமி கூடத்துக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்குத் திங்கட்கிழமை. ஏழரையிலேர்ந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம். அழகிரி அது போகாம வண்டியை வாசல் தாண்ட விடமாட்டார்." மணி எட்டு தாண்டியிருந்தது. "நானும் வரேன். உங்களுக்கு மில் தெரியாது."

அடுப்பிலிருந்து வெண்கலப் பானையை இறக்கி வைத்துவிட்டு, மடிப் புடவையோடேயே செருப்பில்லாமல் இறங்கினாள். அந்த வீதியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாமியின் ஒரு பக்கம் கருவாட்டுக் கூடை, இன்னொரு பக்கம் நான். கொள்ளிடம் பாலத்தில் எதிரே மாட்டு வண்டிகள் வரிசையாக வர, பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. டோல்கேட்டில் டிரைவர் இறங்கி டீ குடித்தான். நான் ஜன்னல் வழியாக, "ஐயா, ஒரு உயிர் சமாச்சாரம்" என்றேன். "எல்லாருக்கும் உயிர் சமாச்சாரந்தாம்மா" என்று சொல்லிவிட்டு டம்ளரை ஆற்றிக் குடித்தான். மாமி கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ராகுகாலத்தைக் கேலி பேசியே வளர்ந்தவள் நான். அன்றைக்கு அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மில்லுக்குப் போகிற சந்தில் திரும்பும்போதே ஜீப் சத்தம் கேட்டது. வாசல் தாண்டி மூக்கை நீட்டிவிட்டது. நான் கேரியரோடு நடுவில் போய் நின்றேன். அழகிரி பிரேக்கை மிதித்து, "யாரும்மா அது, சகுனம் பார்த்து வண்டி எடுக்கறப்ப" என்று ஆரம்பித்தவர், பின்னால் வந்த மாமியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வக்கீல் இறங்கினார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த கேரியரைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க எதுக்கு..."

"ரெண்டு தோட்டாவை வச்சுக்கிட்டு எங்க சார் கிளம்பிட்டீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "விக்டருக்குத் தெரிய வேண்டாம். ரொம்ப வருத்தப்படுவார்" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா சந்தோஷப்படுவாரா? தப்பு உங்க மேலயும் இல்ல, தோட்டா மேலயும் இல்ல. அது அவரு ரைஃபிளுக்குன்னே செஞ்சது. இதைப் போட்டுப் பாருங்க."

தோசைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். எட்டும் பித்தளை மங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நான் ஊசியால் கீறின சின்னச் சிலுவை இருக்கும், அது என் அடையாளம். அவர் துப்பாக்கியை உமிக் குவியல் பக்கம் திருப்பிப் பிடித்து முதல் தோட்டாவை வைத்துத் தள்ளினார். போல்ட் மூடியது. எடுத்துவிட்டு அடுத்தது. மூடியது. ஐந்தாவது கொஞ்சம் இறுக்கமாகப் போயிற்று. அதுவும் மூடியது. எட்டும் மூடின. அவர் தன் பழைய இரண்டை முதலில் சுடும்படி வைத்து, அதன் கீழே என்னுடையதில் மூன்றை ரைஃபிளில் நிரப்பிக்கொண்டார். மீதியைப் பையில் போட்டார்.

மாமியிடம் "போயிட்டு வரேன்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜீப் போயிற்று.

திரும்பிப் போகச் சொல்லி மில் ஆட்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. அவித்த நெல் காய்கிற களத்தின் ஓரத்தில், கொட்டகை நிழலில் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள். மாமி சாக்கில் உட்காரவில்லை, வெறும் தரையில் உட்கார்ந்தாள். மோர் கொண்டுவந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். அவள் குடிக்காமல் நான் எப்படிக் குடிக்க?

உட்கார்ந்த பிறகுதான் புதுப் பயம் பிடித்தது. தோட்டா உள்ளே சேர்ந்துவிட்டது, சரி. வெடிக்குமா? அந்த எட்டும் நிரப்பி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. தகரத்துக்குள் ஈரம் இறங்கியிருந்தால்? அடியில் பதிக்கிற கேப்பு சரியாக அழுந்தியிருந்ததா? விக்டர் அன்றைக்கு மருந்து அளக்கும்போது அடுத்த வீட்டு அற்புதசாமியோடு பேசிக்கொண்டிருந்தாரா? வேண்டாத ஞாபகமெல்லாம் வந்தது. இரண்டோடு போயிருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பார், நான் எட்டைக் கொடுத்து அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். ஜெபமாலையை உருட்டினேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

"டீச்சர்" என்றாள் மாமி. "அந்த டையோ என்னவோ சொன்னேளே. கரியை வச்சுப் பார்ப்பேள்னு. அதை இன்னொரு தரம் சொல்லுங்கோ."

அவளுக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெழுகுவர்த்தியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கால் திருகு, அரைக்கால் திருகு, பூட்டு வளையம். முடிந்ததும் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். நெல்லைக் கிளறுகிற பெண்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

நிழல் களத்தின் பாதிக்கு வந்தபோது ஜீப் வந்தது. முதலில் பின்னால் கட்டிக் கிடந்த புள்ளித் தோலைப் பார்த்தேன். அப்புறம்தான் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கத் துணிந்தேன். முழங்கை சிராய்த்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மாமி எழுந்தவள், எழுந்த இடத்திலேயே நின்றாள்.

அழகிரிதான் பேசினார். "முதல் குண்டு கிளையில பட்டுத் திரும்பிருச்சும்மா. ரெண்டாவது இடுப்புல பட்டுது. அதுக்கப்புறமும் வருது. நான் மரத்துக்குப் பின்னால போயிட்டேன். ஐயா நகரவே இல்ல. மூணாவதுல, இதோ இந்த மோர்ப் பானை இருக்கற தூரத்துல விழுந்துச்சு."

வக்கீல் ரைஃபிளிலும் பையிலும் மிச்சமிருந்த ஏழு தோட்டாவை எடுத்து என் கேரியரில் வைத்தார். அப்புறம் சுட்ட ஓடுகள் மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார். சிறுத்தை செத்துக் கிடக்கிற இடத்தில் குனிந்து ஓடு பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார், நான் காபி தராமல் போய்விடுவேன் என்று. இரண்டு கடை ஓடு. ஒன்றின் அடியில் சிலுவைக் கீறல்.

மாமி கிட்டே வந்தாள். காலையில் என்னிடமிருந்து தள்ளி நின்றவள், என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, குனிந்து பார்த்தாள்.

"இதுல எது மூணாவது?"

நான் காட்டினேன். கழுத்தெல்லாம் கரி. அவள் அதை எடுத்துப் புரட்டி, அடியில் இருந்த கீறலை விரலால் தடவினாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். "ரெண்டு போறும்னேளே" என்றாள். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். சத்தம் போட்டு, மில் ஆட்கள் எல்லோரும் பார்க்க, மடிப் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என் கையை விடவில்லை. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கொஞ்சம் அடங்கியதும், "டீச்சர், இது எங்காத்துல இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஓடு திரும்பி வந்தாக வேண்டும் என்பது என் சட்டம். நல்ல ஓடு அது, வெடிப்பு கிடையாது, கழுத்து டையில் போட்டால் வக்கீல் ரைஃபிளுக்கே இன்னும் எத்தனையோ தடவை வரும். விக்டர் கணக்குக் கேட்பார். கேட்கட்டும், பேப்பரைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

"வச்சுக்குங்க மாமி" என்றேன். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மோர் கொண்டுவரச் சொன்னாள்.